ஷ்ரௌடு சீல் கசிவு: வேலை செய்யாமல் போகும் நீராவி மட்டும்தான் இழப்பா?

#1 யாழினி_எம்டெக்

எல்லோருக்கும் வணக்கம். எம்.டெக். ஆய்வுக்காக ஒன்றரைக் கட்ட ஆக்சியல் (ஓட்டம் அச்சுத் திசையில் போகும்) டர்பைன் ஒன்றை சிஎஃப்டியில் (ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஸ்டேட்டர் (அசையாத பிளேடு வரிசை), அதன் பின்னால் ஷ்ரௌடு (பிளேடு நுனிகளை மூடும் வளையம்) வைத்த ரோட்டார் (சுழலும் வரிசை), அதற்குப் பின்னால் இன்னொரு ஸ்டேட்டர். முதலில் ரோட்டார் தலைக்கு மேலுள்ள சீல் அறையை விட்டுவிட்டு ஓட்டினேன். அப்புறம் அறையையும் லேபிரிந்த் பற்களையும் (கசிவைத் தடுக்கும் சீல் விளிம்புகள்) சேர்த்து ஓட்டினேன்.

கசிவு மொத்த ஓட்டத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் இரண்டாவது ஸ்டேட்டரில் கேசிங்கை (வெளிக்கூட்டை) ஒட்டிய பகுதி அடியோடு மாறிவிட்டது. பிளேடின் அழுத்தப் பக்கத்தில், முன்விளிம்பைத் தாண்டியதுமே ஓட்டம் சுவரை விட்டுப் பிரிகிறது. மொத்த இழப்பும் கசிவின் சதவீதத்தைவிடக் கூடுதலாக வருகிறது.

என் வழிகாட்டி, "அறைக்கெல்லாம் மெஷ் (கணக்கு வலை) போட்டு நேரத்தை வீணாக்காதே. ரோட்டாருக்கு முன்னால் இவ்வளவு ஓட்டத்தை எடு, பின்னால் அதே அளவை விடு, போதும்" என்கிறார். அப்படிச் செய்தால் அந்தப் பிரிவு வரவே மாட்டேன் என்கிறது. எதை நம்புவது?

#2 ஓவர்ஹால்காரன்

யாழினிம்மா, நான் அனல் மின் நிலையத்தில் டர்பைன் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். 210 மெகாவாட் இயந்திரங்களில் எல்எம்இசட் (ரஷ்ய) வடிவமைப்பு, கேடபிள்யூயூ (ஜெர்மன்) வடிவமைப்பு இரண்டையும் கேசிங் திறந்து பார்த்திருக்கிறேன்.

விஷயம் எளிது. பிளேடு வழியாகப் போகாத நீராவி வேலை செய்யாது. பற்கள் தேய்ந்தால் இடைவெளி கூடும், இடைவெளி கூடினால் கசிவு கூடும், ஹீட் ரேட் (ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் வெப்பம்) கெடும். ஓவர்ஹாலில் புதுச் சீல் போட்டு கிளியரன்ஸை வரைபடத்தில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். நீராவி டர்பைன் முன்னோடி பார்சன்ஸ் காலத்திலிருந்து இதுதான் கதை. ஸ்டேட்டரில் ஓட்டம் பிரிகிறது, சேர்கிறது என்பதெல்லாம் கணினிப் படத்தில் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

#3 சுழல்வேகம்

அண்ணே, கிளியரன்ஸ் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் "வேலை செய்யாமல் போகிறது, அதோடு முடிந்தது" என்பதில் சண்டை உண்டு. அந்த நீராவி எங்கேயும் போய்விடுவதில்லையே. ரோட்டாரைத் தாண்டியதும் மறுபடி முக்கிய ஓட்டத்துக்குள்தான் வந்து விழுகிறது. எப்படி வந்து விழுகிறது என்பதில்தான் யாழினியின் கேள்விக்கு விடை இருக்கிறது.

ஸ்டேட்டரை விட்டு வெளியே வரும் நீராவி, ரோட்டார் சுற்றும் திசையில் வேகமாகச் சுழன்றுகொண்டு வருகிறது. பிளேடுக்குள் நுழைந்த பகுதி அந்தச் சுழற்சியை ரோட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு ஏறத்தாழ நேராக, அச்சுத் திசையில் வெளியே போகிறது. வேலை என்பதே அந்த ஒப்படைப்புதான். ஷ்ரௌடுக்கு மேல் ஏறிய பகுதி யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பற்களுக்கு இடையே குதித்துக் குதித்து அச்சுத் திசை வேகத்தை இழக்கும். சுழற்சியை இழக்காது. கேசிங் சுவரின் உராய்வில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

எண் போட்டுப் பார்த்தால் உறைக்கும். 3000 ஆர்பிஎம், ஒரு மீட்டர் விட்டம் என்றால் பிளேடு வேகம் நொடிக்கு 157 மீட்டர். ஐம்பது சதவீத ரியாக்‌ஷன் கட்டத்தில் (அழுத்த வீழ்ச்சியில் பாதி ரோட்டாரில் நடப்பது) கசிவின் சுழல் வேகமும் ஏறத்தாழ அதுவேதான். அச்சுத் திசை வேகம் நொடிக்கு 57 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஸ்டேட்டர் நேராக வரும் ஓட்டத்தை எதிர்பார்த்து நிற்கிறது, கசிவோ 70 பாகை சாய்ந்து வருகிறது. அதுவும் அந்த ஸ்டேட்டர் எந்தப் பக்கம் திருப்பப் போகிறதோ அதே பக்கம் சாய்ந்து. அதனால் முன்விளிம்பின் உறிஞ்சு பக்கத்தில் (அழுத்தம் குறைந்த, குவிந்த பக்கம்) வந்து மோதுகிறது, அழுத்தப் பக்கத்தில் ஓட்டம் பிரிகிறது. யாழினி, உங்கள் படத்தில் தெரிவது இதுதான். மெஷ் கோளாறு இல்லை.

வழிகாட்டியின் முறையில் பிரிவு வராததற்குக் காரணம், "பின்னால் விடு" என்னும்போது கசிவை நேராக விட்டிருப்பீர்கள். சுழற்சியோடு விட்டுப் பாருங்கள்.

#4 ஓவர்ஹால்காரன்

> எப்படி வந்து விழுகிறது என்பதில்தான்

தம்பி, கோணம் புரிகிறது. ஆனால் நீ சொல்லும் மோதல் எத்தனை பைசா, நான் சொல்லும் கசிவு எத்தனை ரூபாய்? அதைச் சொல். நாங்கள் ஒரு ஓவர்ஹாலில் ஒரு மில்லிமீட்டரைக் குறைக்கப் படும் பாடு உனக்குத் தெரியாது. ஈயக் கம்பி வைத்து நசுக்கி அளந்து, செக்மென்ட் செக்மென்டாகச் சுரண்டி, மறுபடி வைத்து... அந்த வேலைக்கு அர்த்தம் இல்லை என்று சொல்கிறாயா?

#5 சுழல்வேகம்

அர்த்தம் இல்லை என்று சொல்லவே இல்லை அண்ணே. கணக்கைப் போடுவோம்.

கேம்பிரிட்ஜின் ஜான் டென்டன் 1993இல் டர்போமெஷின் இழப்புகள் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு எளிய மாதிரி இருக்கிறது. துறையில் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். பிளேடு உயரம் 40 மி.மீ., இடைவெளி 0.8 மி.மீ., அதாவது உயரத்தில் 2 சதவீதம். ரோட்டாரோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே பார்த்தால் ஓட்டம் அச்சுத் திசையில் நுழைந்து 70 பாகையில் வெளியேறுகிறது. இடைவெளியில் தாரை சுருங்குவதற்கு 0.6 என்ற காரணி. ஒரே பல் என்றால் கசிவு சுமார் 3.5 சதவீதம். நான்கு பற்கள் என்றால், பற்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், சுமார் 1.75 சதவீதம்.

இப்போது இழப்பு. இந்த வகைக் கட்டத்தில் ஒவ்வொரு சதவீதக் கசிவுக்கும், வெளியேறும் ஓட்டத்தின் சார்பு இயக்க ஆற்றலில் 2 சதவீதம் போகிறது. 1.75க்கு 3.5. கட்டத்தின் மொத்த வேலையோடு ஒப்பிட்டால், ரோட்டார் சீல் ஒன்றுக்கே செயல்திறனில் ஏறத்தாழ 2 புள்ளி. ஸ்டேட்டரின் அடியிலுள்ள சீலுக்கும் அதே மாதிரி ஒரு பங்கு உண்டு. இடைவெளி தேய்ந்து இரண்டு மடங்கானால் இதுவும் இரண்டு மடங்கு. ஆக, நீங்கள் சுரண்டிய ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் காசு உண்டு.

அந்த இழப்பு எங்கே உண்டாகிறது என்று பிரித்துப் பாருங்கள். பாதி சீல் அறைக்குள், பற்களைத் தாண்டும் தாரை வேகமெடுத்து அடங்கும் இடத்தில். மீதிப் பாதி கசிவு திரும்பி வந்து முக்கிய ஓட்டத்தோடு கலக்கும் இடத்தில். அதாவது ரூபாய்க்கு ஐம்பது பைசா உங்கள் பற்களிடையே, ஐம்பது பைசா நான் சொல்லும் கலப்பில். இதில் அடுத்த ஸ்டேட்டரில் உண்டாகும் பிரிவு, கூடுதல் சுழிகள் எதுவும் சேரவில்லை. அவை இதற்கு மேலே.

ஒரு எச்சரிக்கை. "கசிந்தது வேலை செய்யவில்லை" என்று 1.75ஐயும், கலப்பு இழப்பு என்று இன்னொன்றையும் சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள். வேலை செய்யாத நீராவி தன் வெப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போகிறது, அங்கே கொஞ்சம் மீட்கவும் படுகிறது. உண்மையான செலவு என்ட்ரோபி (இனி வேலையாக மாற்ற முடியாமல் வீணாகும் பங்கு) மட்டும். அதை ஒருமுறைதான் எழுத வேண்டும்.

#6 கரிப்புகை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் இம்பல்ஸ் வகையில் இந்தப் பிரச்சினை இல்லை, சரியா? ரோட்டாரில் அழுத்த வீழ்ச்சியே இல்லையே, கசிவு எங்கிருந்து வரும்?

#7 சுழல்வேகம்

நல்ல கேள்வி, விடை கொஞ்சம் ஏமாற்றும். அதே இடைவெளி, அதே 70 பாகை, முழு இம்பல்ஸ் என்றால் ஒற்றைப் பல்லின் கசிவு ரியாக்‌ஷன் வகையில் வருவதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கலக்கும்போது கசிவும் முக்கிய ஓட்டமும் ரோட்டார் பார்வையில் நேர் எதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒரு கிலோ கசிவுக்கான இழப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பெருக்கிப் பார்த்தால் மொத்தச் செலவு ரியாக்‌ஷன் வகையில் மூன்றில் இரண்டு பங்கு. கசிவு குறைந்த அளவுக்கு இழப்பு குறையவில்லை. அதோடு, இங்கே பாதிக்குப் பாதி கிடையாது, கிட்டத்தட்ட முழுவதுமே கலப்பில் போவது.

நிஜத்தில் முழு இம்பல்ஸ் என்று யாரும் செய்வதில்லை, பிளேடு நுனியில் எப்போதும் கொஞ்சம் ரியாக்‌ஷன் இருக்கும். அதனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#8 ஓவர்ஹால்காரன்

இம்பல்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எல்எம்இசட் ரோட்டாரில் டிஸ்க்கில் வட்ட வட்டமாகத் துளைகள் இருக்கும், பேலன்ஸ் ஹோல் என்போம். அச்சுத் தள்ளுவிசையைச் சமன் செய்யத்தான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். டயஃப்ரத்தின் (ஸ்டேட்டர் பிளேடுகளைத் தாங்கும் அசையாத தட்டு) அடிச் சீல் வழியாகக் கசிவது அந்தத் துளை வழியாகவே அடுத்த பக்கம் போய்விடுகிறது, பிளேடு வேர்ப்பக்கம் ஏறி வருவதில்லை. நீ சொல்கிற கலப்பு அங்கே நடக்காது, இல்லையா?

#9 சுழல்வேகம்

அருமை அண்ணே, நான் அடுத்து எழுத நினைத்ததே அதுதான். அந்தத் துளைகளுக்கு இரண்டு வேலை. டயஃப்ரக் கசிவு துளையில் போகும் அளவோடு பொருந்தினால் முக்கிய ஓட்டத்துக்குத் தொந்தரவே இல்லை. பொருந்தாவிட்டால் இரண்டு பக்கமும் சிக்கல். கசிவு மிகுந்தால் மீதி வேர்ப்பக்கம் மேலேறும். கசிவு குறைந்தால் துளைகள் முக்கிய ஓட்டத்திலிருந்தே நல்ல நீராவியைக் கீழே இழுத்துக்கொள்ளும். வேர்ப்பக்க ரியாக்‌ஷனை எவ்வளவு வைப்பது என்று வடிவமைப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

ரியாக்‌ஷன் டிரம் (டிஸ்க்குக்குப் பதில் உருளை ரோட்டார்) வகையில் இந்த வசதி கிடையாது. ஸ்டேட்டருக்கு அடியில் கசிந்தது ரோட்டாரின் வேரில் வந்தே ஆக வேண்டும். அங்கே கதை தலைகீழ். ஸ்டேட்டருக்கு முன்னாலிருந்து வந்ததால் அதற்குச் சுழற்சி குறைவு. ஆனால் ரோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. ரோட்டாரில் உட்கார்ந்து பார்த்தால் அது எதிர்ப்புறமாக வந்து பிளேடின் உறிஞ்சு பக்கத்தில் அடிக்கிறது. வேர்ப்பக்கத்தில் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் பாசேஜ் சுழிக்கு (இரண்டு பிளேடுகளுக்கு நடுவே உண்டாகும் சுழி) இது தீனி. யாழினி, உங்கள் மாதிரியில் ஸ்டேட்டர் அடிச் சீலைச் சேர்த்திருக்கிறீர்களா?

#10 யாழினி_எம்டெக்

இல்லை சார், மேல் சீல் மட்டும்தான். அதற்கே மெஷ் இரண்டு மடங்காகிவிட்டது.

இன்னொரு யோசனை. கலப்புதான் பாதிச் செலவு என்றால், ஷ்ரௌடுக்கு மேலேயே குட்டிக் குட்டி பிளேடுகள் வைத்து, கசிவையும் திருப்பி, அதனிடமிருந்தும் கொஞ்சம் வேலை வாங்கிவிடலாமே? வெளியே வரும்போது முக்கிய ஓட்டத்தின் திசையிலேயே வரும். இதை யாரும் செய்யவில்லையா?

#11 டர்போ_டைம்பாஸ்

ஷ்ரௌடையே தூக்கிவிட்டால்? கசிவே இல்லை. பிரச்சினை ஓவர்.

#12 சுழல்வேகம்

டைம்பாஸ், ஷ்ரௌடு இல்லாவிட்டால் பிளேடின் அழுத்தப் பக்கத்திலிருந்து உறிஞ்சு பக்கத்துக்கு நுனி வழியாகவே தாவும், அதுவும் ஒரு கசிவுதான். உயரத்தில் 1 சதவீத இடைவெளிக்குச் செயல்திறனில் 1 முதல் 2 புள்ளி போகும் என்பது பழைய கைக்கணக்கு. விமான எஞ்சின்களின் உயர் அழுத்த டர்பைனில் பல இடங்களில் அப்படித்தான் விடுகிறார்கள். ஷ்ரௌடின் எடையும் அதைக் குளிர்விப்பதும் பெரிய தலைவலி என்பதால். நீராவி டர்பைனின் குட்டையான பிளேடுகளுக்கு அது கட்டுப்படியாகாது.

யாழினி, உங்கள் யோசனையை அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். வாலிஸ், டென்டன், டெமார்னியே மூவரும் 2001இல் வெளியிட்டார்கள். நான்கு கட்ட ஆய்வு டர்பைன் ஒன்றில் ஷ்ரௌடுக்கு மேலே கசிவைத் திருப்பும் அமைப்பை வைத்து, அதிலிருந்து வேலையும் எடுக்கலாம் என்று எதிர்பார்த்தார்கள். அளந்தபோது பிரேக் செயல்திறன் (தண்டில் அளந்த செயல்திறன்) 3.5 சதவீதம் குறைந்திருந்தது. கூடவில்லை, குறைந்தது!

காரணத்தைத் தேடியபோது கிடைத்ததுதான் இந்தத் துறைக்குப் பெரிய பாடம். ஷ்ரௌடு அறைக்கு முன்னும் பின்னும் அச்சுத் திசையில் ஒரு வாய் திறந்திருக்கிறது. பிளேடுகளைச் சுற்றி அழுத்தம் சீராக இருப்பதில்லை, பிளேடுக்குப் பிளேடு ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில், முக்கிய ஓட்டத்தின் நீராவி அறைக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருக்கிறது. நிகரக் கசிவில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் போனது திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கலக்கிறது, ஒவ்வொரு முறையும் என்ட்ரோபி. கசிவைக் குறைக்கக் குறைக்க இந்த மூச்சு வாங்கல் கூடியது என்பதுதான் விசேஷம். வெளியே தள்ளும் கசிவு நன்றாக இருந்தால் வாய் அடைபட்டிருக்கும். கசிவைச் சுருக்கினால் வாய் சும்மா திறந்து கிடக்கிறது.

அதனால்தான் அண்ணன் சொல்லும் "கசிவைக் குறை, எல்லாம் சரியாகும்" என்பதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. கசிவு ஏற்கெனவே குறைவாக உள்ள நல்ல இயந்திரத்தில் அடுத்த அரைப் புள்ளி பற்களில் இல்லை, அந்த வாயின் வடிவத்தில் இருக்கிறது.

அப்புறம் ரோசிக்கும் டென்டனும் சேர்ந்து இன்னொரு வழி பார்த்தார்கள். சுழலும் ஷ்ரௌடில் எதுவும் வைக்காமல், கசிவு வெளியே வரும் இடத்தில், அசையாத கேசிங்கில் சிறு திருப்பு வேன்களை வைத்தார்கள். அந்த முறை செயல்திறன் உயர்ந்தது.

#13 ஓவர்ஹால்காரன்

இப்போதுதான் தம்பி நீ என் ஏரியாவுக்குள் வந்திருக்கிறாய்.

அந்த வாயை ஏன் இவ்வளவு அகலமாக வைத்திருக்கிறார்கள் தெரியுமா? வடிவமைத்தவருக்குக் காற்றியக்கவியல் தெரியாமல் இல்லை. குளிர்ந்த நிலையிலிருந்து ரோலிங் (நீராவி விட்டுச் சுழற்றுவது) ஆரம்பித்தால் ரோட்டார் சீக்கிரம் சூடாகும், தடித்த கேசிங் மெதுவாகச் சூடாகும். ரோட்டார் கேசிங்கைவிட மில்லிமீட்டர் கணக்கில் நீண்டுவிடும். டிஃபரன்ஷியல் எக்ஸ்பான்ஷன் மீட்டரைப் பார்த்துக்கொண்டே லோடு ஏற்றுவது அதற்காகத்தான். த்ரஸ்ட் பேரிங்கிலிருந்து (ரோட்டாரை அச்சுத் திசையில் பிடித்து நிறுத்துவது) எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு அதிகம். ட்ரிப் ஆகிக் குளிரும்போது எதிர்ப்பக்கம் சுருங்கும். அத்தனைக்கும் இடம் விட்டால்தான் ஷ்ரௌடின் விளிம்பு டயஃப்ரத்தில் போய் இடிக்காது. நீ வாயைக் குறுக்கு என்பாய், இடித்தால் யார் பதில் சொல்வது?

ரேடியல் கிளியரன்ஸும் அப்படியே. வரைபடத்தில் 0.6 மி.மீ. போட்டிருக்கும். கிரிட்டிகல் ஸ்பீடை (அதிர்வு உச்சமாகும் வேகம்) தாண்டும்போது ரோட்டார் ஆடும். பாரிங் கியரில் (நிறுத்திய ரோட்டாரை மெதுவாகச் சுற்றுவது) சரியாகச் சுற்றாமல் விட்டால் ரோட்டார் வளையும். ஒரே ஒரு மோசமான ஸ்டார்ட்டில் பற்கள் உரசி, 0.6 ஒன்றரையாகி, அடுத்த ஓவர்ஹால் வரைக்கும் அப்படியே ஓடும். உன் கட்டுரைக் கணக்கெல்லாம் புதுப் பல்லுக்கு. நாங்கள் வருடக்கணக்கில் ஓட்டுவது தேய்ந்த பல்லோடு. அங்கே என் ரூபாய்தான் பெரிது.

பின்வாங்கும் சீல் என்று ஒன்று உண்டு. ஸ்பிரிங் செக்மென்டுகளை விலக்கி வைத்திருக்கும், லோடு ஏறியதும் நீராவி அழுத்தமே அவற்றை உள்ளே தள்ளி இடைவெளியைக் குறைக்கும். உரசல் நடப்பது ஸ்டார்ட்டில்தான் என்பதால் நல்ல யோசனை. ஆனால் படிவு சேர்ந்து செக்மென்ட் சிக்கிக்கொண்டால் திறந்தபடியே நின்றுவிடும்.

#14 சுழல்வேகம்

தேய்ந்த இயந்திரத்தில் உங்கள் ரூபாய்தான் பெரிது, அதில் மறுபேச்சில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் கசிவு இரண்டரை மடங்கு. அதன் கூடவே கலப்பு இழப்பும் இரண்டரை மடங்கு. ஓவர்ஹாலில் அவற்றை ஒன்றாகவே மீட்கிறீர்கள். வாயின் வடிவம், வேன்கள் எல்லாம் புது இயந்திரம் வரையும்போது அல்லது உள்பாகங்களை மொத்தமாக மாற்றும் ரெட்ரோஃபிட்டில் செய்ய வேண்டிய வேலை.

வாயைக் குறுக்கச் சொல்லவில்லை அண்ணே. டிஃபரன்ஷியல் எக்ஸ்பான்ஷனுக்கு வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கேசிங் பக்க மூலையை நிரப்புவது, விளிம்பைச் சாய்ப்பது என்று அறையின் வெற்றிடத்தைக் குறைக்கலாம். அசையும் தூரம் அப்படியே இருக்கும்.

#15 கரிப்புகை

நான் எஃபிஷியன்சி பிரிவில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் ஒரு பழைய சந்தேகம் தெளிந்தது. ஐபி (நடு அழுத்த டர்பைன்) எக்ஸாஸ்ட்டில் ஒரே குழாயில் இரண்டு தெர்மோவெல் (வெப்பமானியைச் செருகும் குழல்) இருந்தால் இரண்டும் ஒன்றாகக் காட்டுவதில்லை. கருவியை மாற்றினாலும் வித்தியாசம் போகாது. கசிவு வேலை செய்யாததால் சூடாக இருக்கிறது, கேசிங்கை ஒட்டிப் படலமாக வருகிறது. நீளம் குறைந்த தெர்மோவெல் அந்தப் படலத்தில் நின்றுவிட்டால் அதிகம் காட்டும், நாங்கள் செயல்திறனைக் குறைத்துக் கணக்கிடுவோம். கடைசிக் கட்டங்களுக்குப் பிறகு நன்றாகக் கலக்கக் குழாயில் போதுமான தூரம் இருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்க வேடிக்கை, எச்பியும் (உயர் அழுத்த டர்பைன்) ஐபியும் ஒரே கேசிங்கில் உள்ள இயந்திரங்களில். நடுச் சீல் வழியாக எச்பி நீராவி ஐபிக்குள் கசியும். அது ஹாட் ரீஹீட்டைவிட (மறுபடி சூடாக்கி ஐபிக்கு வரும் நீராவி) குளிர்ந்தது, வெப்பநிலையை அளக்கும் இடத்தைத் தாண்டித்தான் கலக்கும். விளைவு, ஐபி எக்ஸாஸ்ட் குளிர்ந்து, ஐபி செயல்திறன் காகிதத்தில் நன்றாக உயரும்! சீல் தேயத் தேய எண் அழகாகும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மெயின் ஸ்டீம், ரீஹீட் வெப்பநிலைகளை ஒன்றுக்கொன்று விலக்கி இரண்டு மூன்று நிலைகளில் சோதித்து, ஒவ்வொன்றிலும் கசிவை வெவ்வேறாக அனுமானித்து ஐபி செயல்திறனைக் கோடாக வரைய வேண்டும். கோடுகள் வெட்டும் இடம்தான் உண்மையான கசிவு.

#16 பர்ஜ்_ஏர்

கேஸ் டர்பைன் பக்கத்திலிருந்து ஒரு குரல். நீங்கள் கசிவைக் குறைக்கப் பாடுபடுகிறீர்கள், நாங்கள் கம்ப்ரஸரிலிருந்து நல்ல காற்றை எடுத்து வேண்டுமென்றே கசிய விடுகிறோம்.

ரோட்டார் டிஸ்க்குக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே உள்ள விளிம்புச் சீலில், யாழினியின் அறையைப் போலவே ஒரு வாய் இருக்கிறது. வேன்களுக்குப் பின்னால் அழுத்தம் ஏறி இறங்குவதால் அழுத்தம் கூடிய இடத்தில் எரிந்த சூடான வாயு உள்ளே போகப் பார்க்கும். போனால் டிஸ்க் சூடாகும், டிஸ்க் ஆயுள் போகும். அதனால் பர்ஜ் காற்றை உள்ளிருந்து தள்ளி வாயை அடைக்கிறோம். சுழல்வேகம் சொன்ன மூச்சு வாங்கல் எங்களுக்குச் செயல்திறன் கேள்வி இல்லை, டிஸ்க் பிழைக்குமா என்ற கேள்வி.

அந்தப் பர்ஜ் காற்று ரோட்டாரின் வேர்ப்பக்கம் குறைந்த சுழற்சியோடு வெளியே வந்து, சுழிகளுக்குத் தீனி போட்டு, செயல்திறனைக் குறைக்கிறது. ஆக இரண்டு பக்கமும் செலவு. காற்றை ரோட்டார் சுற்றும் திசையில் முன்கூட்டியே சுழல விட்டு வெளியேற்றினால் அந்த இழப்பு குறையும் என்பது பல ஆய்வு ரிக்குகளில் பார்த்த விஷயம். மேலே ஷ்ரௌடில் சுழற்சியைக் குறைக்க வேண்டும், கீழே வேரில் கூட்ட வேண்டும். அளவு ஒன்றும் குறையாமல் கோணத்தை மட்டும் மாற்றியே லாபம் வருகிறது பாருங்கள்.

#17 அதிர்வுமானி

எல்லோரும் செயல்திறனையே பேசுகிறீர்கள். சீலுக்குள் சுழன்று வரும் ஓட்டம் ரோட்டாரையே சுற்றி வளைத்து ஆட்டும். ரோட்டார் கொஞ்சம் ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம் இடைவெளி குறைவு, கசிவு குறைவு, பிளேடு விசை அதிகம். எதிர்ப்பக்கம் நேர்மாறு. இந்த ஏற்றத்தாழ்வு ரோட்டாரைச் சுழற்சித் திசையில் தள்ளும். நீராவி டர்பைனில் 1958இல் தாமஸும், விமான எஞ்சினில் 1965இல் ஆல்ஃபர்டும் எழுதியது இதைத்தான். லோடு ஏறும்போது மட்டும் ஷாஃப்ட் வேகத்துக்குக் கீழான அதிர்வெண்ணில் அதிர்வு கிளம்பினால் பேரிங் ஆயிலை மட்டும் சந்தேகிக்காதீர்கள்.

சீல் நுழைவாயிலில் சிறு தடுப்புகள் வைத்துச் சுழற்சியை உடைப்பதுதான் வழக்கமான மருந்து. ஆகவே கேசிங்கில் வேன் வைப்பதை நான் வேறு காரணத்துக்காக ஆதரிக்கிறேன். ஆனால் நுழைவாயிலில் வைத்தால் எனக்கு நல்லது, வெளியேறும் இடத்தில் வைத்தால் சுழல்வேகத்துக்கு நல்லது. இரண்டும் ஒன்றல்ல.

#18 சுழல்வேகம்

நுழைவாயிலில் உடைத்தால் எனக்கும் ஓரளவு லாபம் உண்டு, சுழற்சி இல்லாமலே வெளியே வரும். ஆனால் உடைக்கும் இடத்திலேயே அந்த இயக்க ஆற்றல் என்ட்ரோபியாகிவிடும். திருப்புவதற்கும் உடைப்பதற்கும் அந்த வித்தியாசம் இருக்கிறது. அதோடு, சுழற்சி போனால் பற்களின் வழியாகக் கசிவும் கொஞ்சம் மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பது அறையின் வடிவத்தைப் பொறுத்தது.

#19 யாழினி_எம்டெக்

சார், சொன்ன மாதிரி எடு-விடு முறையில், விடும் இடத்தில் பிளேடு வேகத்துக்குச் சற்றுக் குறைவான சுழல் வேகத்தைக் கொடுத்து ஓட்டினேன். ஸ்டேட்டரில் அதே இடத்தில் பிரிவு வந்துவிட்டது. இழப்பும் முழு அறை மாதிரியை நெருங்கி வந்தது, ஆனால் இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது. வழிகாட்டியிடம் காட்டினேன். "சரி, இதையே வை" என்றார். மிச்சமிருக்கும் வித்தியாசம்தான் அந்த மூச்சு வாங்கலா?

#20 சுழல்வேகம்

பெரும்பாலும் அதுதான். எடு-விடு முறையில் அறையே இல்லை, வாயும் இல்லை, உள்ளே போய் வர எதுவும் இல்லை.

ஆனால் முழு மாதிரியையும் ஒருமுறை சரிபாருங்கள். ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே மிக்சிங் பிளேன் (இரண்டு பக்கக் கணக்கையும் இணைக்கும் தளம்) போட்டிருப்பீர்கள். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஷ்ரௌடு அறையின் வெளியேறும் வாயை அது வெட்டினாலோ, வாய்க்கு ஒட்டியே இருந்தாலோ, சுற்றுத் திசை ஏற்ற இறக்கத்தையெல்லாம் அங்கேயே சராசரி ஆக்கிவிடும். ஸ்டேட்டரின் அழுத்தப் புலம் அறைக்குள் எட்டாது. அப்போது முழு மாதிரியும் மூச்சு வாங்கலில் ஒரு பகுதியைத்தான் காட்டும்.

முடிந்தால் ஸ்லைடிங் மெஷ் (ரோட்டார் பக்க மெஷ் நிஜமாகவே நகரும்) போட்டு நேரத்தோடு மாறும் கணக்காக ஒன்றாவது ஓட்டுங்கள். ரோட்டார், ஸ்டேட்டர் பிளேடு எண்ணிக்கையைப் பொருந்தும்படி மாற்றினால் ஓரிரு பாசேஜோடு முடித்துக்கொள்ளலாம். அறையின் இரண்டு வாயிலும் ஒரு தளம் எடுத்து, உள்ளே போகும் ஓட்டத்தையும் வெளியே வரும் ஓட்டத்தையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். நிகர எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்.

#21 ஓவர்ஹால்காரன்

யாழினிம்மா, அந்தக் கணக்கைப் போடும்போது கிளியரன்ஸ் 0.6இல் ஒன்று, 1.5இல் ஒன்று என்று இரண்டாகப் போடு. தேய்ந்த பல் நுனி கூர்மையாக இருக்காது, மழுங்கி இருக்கும், தாரை அவ்வளவாகச் சுருங்காது. தம்பியின் 0.6 காரணியை அங்கே அப்படியே வைத்தால் கசிவு குறைவாக வரும். நுனியை வட்டமாக வரைந்து ஓட்டு.

#22 யாழினி_எம்டெக்

சரிங்க ஐயா. மிக்சிங் பிளேன் வாய்க்கு ஒட்டித்தான் இருக்கிறது சார், இப்போதுதான் பார்த்தேன். ஸ்டேட்டர் பக்கம் தள்ளி வைத்து மறுபடி ஓட விட்டிருக்கிறேன். ஸ்லைடிங் மெஷ்ஷுக்குக் கல்லூரி சர்வரில் அடுத்த வாரம்தான் இடம் கிடைக்கும்.